அசையாத நானூறு

தீர்த்தகிரியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி, "அந்த ஆளப் பத்தி எழுதறதுக்கு என்னங்க இருக்குது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அவர் தேர்தலில் நின்று தோற்றதில்லை, ஊரில் யாருடைய பந்தலிலும் மைக் பிடித்ததில்லை, பிளெக்ஸ் பேனரில் அவர் முகம் வந்ததில்லை. ஒரு இரும்புப் பெட்டிக்குள் நானூறு வோல்ட்டை நானூறாகவே வைத்திருப்பது எப்படி என்று யோசித்தே பாதி வயதைக் கழித்தவர். நம் மாவட்டத்தில் இதற்கெல்லாம் யாரும் கட்-அவுட் வைப்பதில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். எழுத எனக்கு வேறொரு காரணமும் உண்டு, அது போகப் போகத் தெரியும்.

மொரப்பூர் பக்கம் ஒரு கிராமம். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. வயது நாற்பத்து நான்கு. மனிதர் எதையும் அவசரப்பட்டுச் செய்து யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் "சர்க்கரை போடட்டுங்களா?" என்று கேட்டால், மாஸ்டர் அடுத்த மூன்று பேருக்கு ஆற்றிக் கொடுத்த பிறகு "பாதி" என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் "பொண்ணு புடிச்சிருக்குதா?" என்று கேட்டதற்கு எட்டு நாள் கழித்துப் பதில் அனுப்பினார். அதற்குள் பெண்வீட்டார் வேறு ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். எப்படியோ கல்யாணம் நடந்தது. அவர் மனைவி நிர்மலாதேவி என்னிடம் ஒருமுறை சொன்னார்: "அவரு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குக் கோவம் வந்து, போயி, மறுக்கா வந்துருமுங்க."

பெங்களூரு பீனியாவில் மின்சாரப் பெட்டிகள் செய்யும் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் இருந்தார். அங்கே அவருக்குப் பதவி உயர்வு தருவதாக ஒரு மெயில் வந்தது. யோசித்து, "சம்மதம்" என்று இவர் பதில் போட்டபோது அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து ஆயுதபூஜையும் கொண்டாடி முடித்திருந்தார். கோபித்துக்கொண்டு ஊர் திரும்பினார் என்று சொல்லலாம், ஆனால் அந்தக் கோபமும் வர ஏழு மாதம் ஆனது. பீனியாவிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு மடிக்கணினியும் ஒரு பிடிவாதமும். பெட்டிக்கு உள்ளே என்ன நடக்கிறதோ அதுதான் வெளியேயும் தெரிய வேண்டும் என்பது அந்தப் பிடிவாதம். பார்ப்பதற்குச் சாதுவாக இருப்பார், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முதலாளியோடு மோதுவார்.

முதலாளி மாதவராஜ். நல்லம்பள்ளிக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டு எங்கள் கம்பெனியை நடத்துகிறார். கம்பெனியின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன், சொன்னால் இதையும் விளம்பரமாக எடுத்துக்கொள்வார். அவருடைய அப்பா ஸ்டெபிலைசர் விற்றவர். மீட்டர் முள் ஆடாமல் நின்றால் நல்ல ஸ்டெபிலைசர், ஆடினால் கெட்ட ஸ்டெபிலைசர் என்பது அந்தக் குடும்பத்தின் மொத்த மின்னியல் அறிவு. மகன் காலத்தில் முள் போய்ச் சிவப்பு எண் வந்ததே தவிர, அறிவு அப்படியே பத்திரமாக இருந்தது. நான் அங்கே நோட்டீஸ், யூசர் மேனுவல், சந்தை பேனர் எல்லாம் எழுதுகிறவன். அதற்கு முன்னால் ஒரு பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். நடக்காததைச் சுருக்கமாக எழுதும் பயிற்சி அங்கே கிடைத்தது.

நாங்கள் செய்யும் பெட்டி இதுதான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சிங்கிள் பேஸ் கரண்ட் நாள் முழுக்க இருக்கும், த்ரீ பேஸ் சில மணி நேரம்தான் வரும். மோட்டார்களோ த்ரீ பேஸ். ஆகவே பலரும் கண்டன்சர் ஒன்றை இழுத்துக் கட்டி மோட்டாரை ஏமாற்றி ஓட்டுவார்கள். மோட்டார் முனகும், தெருவிளக்கு மங்கும், பக்கத்து வூட்டுக்காரர் திட்டுவார். எங்கள் பெட்டி சிங்கிள் பேஸை வாங்கி, முதலில் நானூறு வோல்ட் டிசியாக மாற்றிச் சேர்த்துவைத்து, அங்கிருந்து மோட்டாருக்கு த்ரீ பேஸாகக் கொடுக்கும். நடுவில் இருக்கும் அந்த நானூறுதான் பெட்டியின் உயிர். அதைக் காப்பது ஒரு சின்னச் சிப்புக்குள் ஓடும் புரோகிராம். அதை எழுதியவர் தீர்த்தகிரி, ஒன்றரை வருடம் எழுதினார்.

மேனுவல் எழுத எனக்கு விஷயம் புரிய வேண்டுமே என்று போய்க் கேட்டேன். என் நோட்டீஸ் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார்.

"லைன் கரண்ட் அலையா வருதுங்க. ஏறும், எறங்கும். அதனால உள்ள வர்ற சக்தியும் செகண்டுக்கு நூறு தடவ துடிச்சுத் துடிச்சுத்தான் வரும். மோட்டாருக்கு ஒரே சீரா வேணும். ரெண்டுக்கும் நடுவுல கப்பாசிட்டர்னு ஒண்ணு, கரண்டத் தேக்கி வெக்கற தொட்டி மாதிரி, நின்னு சமாளிக்குது. அதனால நானூறு கொஞ்சம் ஆடத்தான் செய்யும். மூணு வோல்ட் மேல, மூணு வோல்ட் கீழ."

"ஆடாம நிறுத்த முடியாதா?"

அவர் யோசித்தார். நான் டீ குடித்துவிட்டு வந்தேன்.

"நிறுத்தலாமுங்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புரோகிராம் ஓடி ஓடித் திருத்தணும். அப்படித் திருத்துனா லைன்ல இருந்து இழுக்கற கரண்ட் கோணக்கோணையா ஆயிரும். பவர் ஃபேக்டர் போயிரும், இழுக்கற கரண்ட்டுல ஒரு பங்கு வேலைக்கு ஆகாம வீணாப் போகும். எதுக்கு இந்தப் பெட்டியச் செஞ்சமோ அதுவே கெட்டுப்போயிரும். மொரப்பூர் ரோட்டுல பஸ் ஓட்டறவரு ஒவ்வொரு குழிக்கும் ஸ்டியரிங்க ஒடிச்சா வண்டி ரோட்டுல நிக்குமா? அந்த மாதிரிதான். வோல்டேஜப் பாக்கற புரோகிராம் மெதுவாத்தான் இருக்கணும். சின்ன ஆட்டத்தக் கண்டுக்கக்கூடாது."

"பெரிசா எறங்குனா?"

"இருவது வோல்ட்டுக்கு மேல எறங்குனா உடனே பாயும். அதுக்குத் தனியா எழுதியிருக்கறேன்."

எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, எதற்குப் பாய்வது என்று பிரித்து வைப்பதுதான் அந்த ஒன்றரை வருட வேலை. நான் எழுதிய மேனுவலில் இதற்கு ஒரு வரி கொடுத்தேன். முதலாளியின் படத்துக்கு அரைப் பக்கம் போய்விட்டதால் இடம் அவ்வளவுதான் இருந்தது.

முதல் பத்துப் பெட்டிகளோடு காரிமங்கலம் சந்தைக்குப் போனோம். ஒரு மோட்டாரை மேஜைமேல் வைத்து ஓட்டிக் காட்டினோம். பெட்டியின் முகப்பில் சிவப்பு எண் எரிந்தது. மோட்டார் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது, அதை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் எண்ணைப் பார்த்தார்கள். 398. 402. 399. 403. 397. மாவு மில் வைத்திருக்கும் கோவிந்தன் என்பவர் பத்து நிமிடம் கைகட்டி நின்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "நெம்பர் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுங்களே. உள்ள ஏதோ லூசு கனெக்சன்." கூட்டம் அதை ஆமோதித்துக் கலைந்தது. பக்கத்தில் பம்பு விற்றவனிடம் ஒரு பெட்டி இருந்தது, அதில் எண் எரிந்தது, அசையவே இல்லை. அது எண்ணே இல்லை, ஸ்டிக்கர் என்று நான் பிறகுதான் கவனித்தேன்.

மறுநாள் முதலாளி தீர்த்தகிரியைக் கூப்பிட்டார். "நெம்பர் நிக்கணுமுங்க. எங்கப்பாரு காலத்துல இருந்து சனங்க அதத்தான் பாக்கறாங்க. ஆடற பொருள எவன் வாங்குவான்?"

"அது ஆடறது நல்லதுக்குத்தானுங்க" என்றார் தீர்த்தகிரி. மின்சாரம் படித்தவர் சொல்லும் பதில், வியாபாரம் படித்தவரிடம் எடுபடவில்லை.

ஒரு வாரம் கெடு. தீர்த்தகிரி முதலில் யோக்கியமான வழியை முயன்றார். நூறு துடிப்புகளையும் சேர்த்துச் சராசரி எடுத்து எண்ணைக் காட்ட வைத்தார். 399, 400, 401 என்று வந்தது. முதலாளி, "இன்னும் ஆடுதே" என்றார். சுமை ஏற்றும்போது 385 வரை இறங்கி நிதானமாக மேலே வந்தது. "அய்யோ, விழுந்துருச்சு" என்றார். பிறகு முதலாளி சொன்னபடியே புரோகிராமை வேகமாக்கிக் காட்டினார். எண் நானூறில் ஆணி அடித்தாற்போல் நின்றது. லைன் கரண்ட் கோணிக்கொண்டு, ஒன்றை ஒட்டி நிற்க வேண்டிய பவர் ஃபேக்டர் மீட்டர் 0.81 என்றது. கொட்டகையில் டியூப்லைட் கண் சிமிட்டியது. முதலாளிக்குப் பரம சந்தோஷம். பவர் ஃபேக்டர் மீட்டர் பெட்டியின் முகப்பில் இல்லை, ஆகவே அவரைப் பொறுத்தவரை அது உலகத்திலேயே இல்லை.

"இப்புடியே அனுப்பிருங்க" என்றார்.

தீர்த்தகிரி அன்று சாப்பிடவில்லை. ஒன்றரை வருட உழைப்பை ஒரு சிவப்பு எண்ணுக்காகக் கெடுப்பதா என்று உள்ளுக்குள் எரிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்து மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். பழைய மெதுவான புரோகிராமையே திரும்பவும் போட்டிருந்தார். கூடவே புதிதாக ஐந்து வரி. முந்நூற்று நாற்பதுக்கும் நானூற்று நாற்பதுக்கும் நடுவே உள்ளே என்ன இருந்தாலும், வெளியே 400 என்று காட்டு.

"இது..." என்றேன்.

"ஆமாங்கண்ணா. பொய்தான். ஆனா உள்ள இருக்கறது உண்மையா வேலை செய்யும்."

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு முட்டாளை ஜெயித்துவிட்ட சிரிப்பு. நானும் சிரித்தேன். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டோம்.

முதலாளி எண்ணைப் பார்த்தார். மோட்டாரை நிறுத்தினார், ஓட்டினார், மறுபடி நிறுத்தினார். 400. வேண்டுமென்றே ஒரு வெல்டிங் மிஷினைப் பக்கத்தில் ஓட்டச் சொன்னார். 400. அவர் கண் கலங்கியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் பக்கத்தில் இருந்தேன். தன் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டார். அந்த வாரமே கொட்டகையில் எல்லோரையும் நிற்கவைத்துத் தீர்த்தகிரிக்குப் பொன்னாடை போர்த்தினார். ஒன்றரை வருடம் எழுதிய இரண்டாயிரம் வரிகளுக்கு யாரும் ஒரு டீ வாங்கித் தரவில்லை. ஐந்து வரிப் பொய்க்குப் பொன்னாடை, அதோடு சீஃப் இன்ஜினியர் பட்டம். பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நெளிந்த நெளிவு இன்னும் கண்ணில் இருக்கிறது.

என் பங்குக்கு நோட்டீஸ் அடித்தேன். "புயல் அடித்தாலும் அசையாத 400" என்று தலைப்பு. பெட்டிகள் விற்றன. கோவிந்தனும் ஒன்று வாங்கிப் போனார், எண் நிற்பதைப் பார்க்க உறவினர்களை அழைத்து வந்தாராம்.

பிறகு ஒரு பால் சங்கத்தில் பெட்டி பொருத்தப் போனோம். மொரப்பூருக்கு அந்தப் பக்கம், ஊர்ப் பெயர் வேண்டாம். ஆயிரம் லிட்டர் பால் குளிர்விக்கும் தொட்டி, அதன் கம்ப்ரசருக்கு எங்கள் பெட்டி. சாயங்காலப் பால் வரும் நேரமும் ஊரே மோட்டார் போடும் நேரமும் ஒன்று, வோல்டேஜ் பாதாளத்துக்கு இறங்கும். அந்த இடத்தில் நம் பெட்டி ஓடினால் மாவட்டம் முழுக்க ஓடும் என்று முதலாளி கணக்குப் போட்டார். நான் நோட்டீசுக்குப் படம் எடுக்கக் கூடப் போனேன்.

சங்கத்தின் செயலாளர் பானுமதி. முப்பத்தைந்து வயது இருக்கும். ரூல் போட்ட பெரிய ரிஜிஸ்டர் ஒன்றை வைத்துக்கொண்டு அதில் எல்லாவற்றையும் எழுதுகிறவர்: வந்த பால், கொழுப்பு, தொட்டியின் குளிர், தொட்டி கழுவிய நேரம். அடித்தல் திருத்தல் கிடையாது. எங்காவது ஒரு எழுத்து தப்பினால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பார். அடுத்த ஆடிட் வரும்போது யாரும் விரல் நீட்டக் கூடாது என்பது அவர் வைராக்கியம். இந்த ஊருக்கு மருமகளாக வந்து, கணவர் இறந்துபோன பிறகு இந்த வேலையில்தான் நிமிர்ந்தவர் என்று யாரோ சொன்னார்கள்.

பெட்டி ஓட ஆரம்பித்ததும் ரிஜிஸ்டரில் புதிதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டார்.

"இந்த நெம்பர் என்னங்க சார்?"

"உள்ள இருக்கற வோல்டேஜுங்க. நானூறு."

"எத்தன தடவ எழுதணும்? எட்டு தடவ எழுதட்டுங்களா, ஒரு நாளைக்கு?"

"எழுதுங்க."

"மாறுச்சுன்னா?"

"மாறுச்சுன்னா எனக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லி நம்பரைக் கொடுத்தார் தீர்த்தகிரி. பீனியாவில் பன்னிரண்டு வருடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம், வாயில் தானாக வந்துவிட்டது. அவர் நம்பரைப் பானுமதி ரிஜிஸ்டரின் அட்டை உள்பக்கத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

வேனில் திரும்பும்போது மொரப்பூர் ரயில்வே கேட் வரை அவர் பேசவில்லை. கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் முழுக்கக் கடந்து போன பிறகு சொன்னார்.

"அண்ணா, அந்த நெம்பர் மாறாதே."

"மாறாதது நல்லதுதானே" என்றேன் நான். என் நோட்டீஸ் அதைத்தானே சொல்கிறது.

அன்று முதல் அவருக்கு நிம்மதி போயிற்று. முதலாளியிடம் போய் அந்த ஐந்து வரிகளை எடுத்துவிடலாம் என்று கேட்டார். என்ன ஐந்து வரி என்று சொல்லாமல், "டிஸ்பிளேல கொஞ்சம் மாத்தம்" என்று பூசி மெழுகிக் கேட்டார். "நல்லா போய்ட்டிருக்கறத எதுக்குங்க நோண்டறீங்க?" என்றார் முதலாளி. சரி, அடுத்த முறை சர்வீஸுக்குப் போகும்போது சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறேன் என்று என்னிடம் சொன்னார். அடுத்த சர்வீஸ் ஆறு மாதம் கழித்து. இடையில் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் மாற்றிவிட்டு வரலாமா என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். அவர் யோசிக்கும் வேகம் உங்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் சித்திரையில் வெயில் ரோட்டுத் தாரை உருக்கியது. பால் சங்கத்துக் கட்டடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பெட்டிக்குள் இருக்கும் கப்பாசிட்டர் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டிருந்தது. கப்பாசிட்டர் காயக் காய, ஆறு வோல்ட் ஆடிய இடத்தில் இருபது ஆடும், பிறகு நாற்பது, அறுபது. உண்மையான எண் வெளியே தெரிந்திருந்தால் சாராயம் குடித்தவன் மாதிரி ஆடியிருக்கும். பானுமதி முதல் நாளே போன் பண்ணியிருப்பார். முகப்பில் 400 எரிந்தது. அவர் 400 என்று எழுதினார்.

மே மாதம் ஒரு சாயங்காலம், எழுநூற்று நாற்பது லிட்டர் பால் தொட்டியில் இருக்கும்போது, பெட்டி பட்டாசு மாதிரி வெடித்துப் புகை விட்டது. யாருக்கும் அடிபடவில்லை. கம்ப்ரசர் நின்றது. அந்த ஊரில் அவ்வளவு ஐஸுக்கு எங்கே போவது? காலையில் டேங்கர் வந்தபோது பால் முழுவதும் திரிந்திருந்தது. வாய்க்காலில் கொட்டினார்கள். தொண்ணூறு வூட்டுப் பால்.

தீர்த்தகிரி அன்றே போய்ப் பெட்டியைத் திறந்தார். கப்பாசிட்டரின் தலை வெடித்துப் பிளந்திருந்தது. பத்து நிமிடம் அதையே பார்த்துவிட்டு மூடினார் என்று, கூடப் போன டெக்னீசியன் குமார் சொன்னான்.

நான்கு நாள் கழித்துச் சங்கத்தில் கூட்டம். தலைவர் பச்சியப்பன், நான்கு நிர்வாகிகள், எதிரே முதலாளி, தீர்த்தகிரி, நான். மாட்டுத் தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் பானுமதி நின்றார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மேஜையில் ரிஜிஸ்டர் திறந்திருந்தது.

"தன் மேல தப்பில்லன்னு இந்தப் புள்ள நோட்டக் காட்டுது" என்றார் பச்சியப்பன். "நேரம் தவறாம எழுதியிருக்குது."

முதலாளி ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"நீங்களே பாருங்க. நானூறு, நானூறு, நானூறு. வெடிக்கறதுக்கு முந்தின மணி நேரத்துல கூட நானூறு. அவங்க கைப்பட எழுதி ஒப்பம் போட்டிருக்கறாங்க. அப்ப எங்க மிஷின் கடைசி நிமிசம் வரைக்கும் கரெக்ட்டா ஓடியிருக்குது. இல்லீங்களா? அப்புறம் எப்புடி வெடிக்கும்? தொட்டி கழுவறப்பத் தண்ணி அடிச்சிருப்பாங்க. இங்கயே எழுதியிருக்குது பாருங்க, அஞ்சே காலுக்குத் தொட்டி கழுவியது."

பானுமதி மூட்டைகளை விட்டு முன்னால் வந்தார். "நா பெட்டிப் பக்கம் தண்ணி கொண்டு போனதே இல்லீங்க" என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

நிர்வாகிகளில் ஒருவர் தலையை ஆட்டினார். ஒரு பொம்பளையிடம் இவ்வளவு பெரிய மிஷினைக் கொடுத்தது தப்பு என்று இன்னொருவர் ஆரம்பித்தார். வேறு ஆளைப் போட்டுவிடலாம், தன் மச்சான் மகன் ஒருவன் சும்மாதான் இருக்கிறான் என்றார். ஆக, ஒரு நாள்கூடத் தவறாமல் உண்மையாக எழுதிய குற்றத்துக்கு அந்தப் பெண்ணின் வேலை போகப்போகிறது. நான் தீர்த்தகிரியைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பசு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த நெம்பர் பொய்யிங்க" என்றார் தீர்த்தகிரி.

முதலாளி, "என்னங்க?" என்றார்.

"உள்ள முந்நூத்தி அம்பது இருந்தாலும் நானூறுன்னுதான் காட்டும். நான்தான் அப்புடி எழுதுனேன். கப்பாசிட்டர் ரெண்டு மாசமாவே கெட்டுட்டு வந்திருக்குது. நெம்பர் ஒழுங்காக் காட்டியிருந்தா இவங்க எனக்குப் போன் பண்ணியிருப்பாங்க. தண்ணி எல்லாம் அடிக்கலீங்க. இவங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது."

நாலு பேருக்கு முன்னால் இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. நடுவில் யோசிக்கவும் இல்லை. பச்சியப்பன் எதுவும் புரியாமல் முதலாளியைப் பார்த்தார். போர்த்திய பொன்னாடை எதற்கு என்று முதலாளிக்கு அப்போதுதான் உறைத்திருக்கும். "ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்று எழுந்தார். போகும்போது, பாலுக்கும் பெட்டிக்கும் தானே பொறுப்பு என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார், அந்த மட்டுக்கு அவர் அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை. கார் கிளம்பியது, எங்களை ஏற்றிக்கொள்ளவில்லை. தீர்த்தகிரியின் வேலை அந்தக் காரோடு போயிற்று.

நிர்வாகிகள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பானுமதியின் வேலை தப்பியது. அவர் கும்பிடுவார், அழுவார், நன்றி சொல்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன், நோட்டீஸ் எழுதுகிறவனின் புத்தி. அவர் மேஜைக்கு வந்து ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். வரிசை வரிசையாக, அழகான கையெழுத்தில், நானூறுகள்.

"அப்ப நா இத்தன நாளா எழுதுனது எல்லாம் பொய்யிங்களா?"

"ஆமாங்க" என்றார் தீர்த்தகிரி.

"காச்சலோட வந்து எழுதியிருக்கறேன் சார். எம் மகளுக்கு அம்மை போட்டிருந்தப்பக் கூட வேப்பிலையக் கட்டி வெச்சுட்டு ஓடியாந்து எழுதியிருக்கறேன். என்னோட நோட்டுல ஒரு பொய் இருந்ததில்ல." அவர் குரல் உயரவில்லை. "நோட்டக் கிழிக்க முடியாது. கிழிச்சா வேற பேரு வரும். நா கோடு போடறேன். தப்புன்னு நீங்க ஒப்பம் போடுங்க. ஒவ்வொண்ணுக்கும்."

அடியளவுகோலை எடுத்து முதல் நானூறின் மேல் கோடு இழுத்தார். தீர்த்தகிரி பக்கத்தில் தன் ஒப்பத்தைப் போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. ஒரு நாளைக்கு எட்டு, நூற்றுப் பதினெட்டு நாள். மத்தியானப் பஸ் போயிற்று. சாயங்காலப் பால் கொண்டு வந்தவர்கள் வாசலில் கேன்களோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். சும்மா நிற்க என்னவோ போல் இருந்ததால், நான் பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் மாதத்துப் பக்கங்களில் போய்க்கொண்டிருந்தபோது பானுமதி அளவுகோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு இது முன்னாலயே தெரியுங்களா சார்?"

"தெரியாதுங்க" என்றேன். "நான் நோட்டீஸ் எழுதறவன்தானே."

அவர் நம்பினார். யார் எது சொன்னாலும் நம்பி எழுதிக்கொள்கிறவர்தானே. தீர்த்தகிரியின் பேனா ஒரு கணம் நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அடுத்த கோட்டுக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினார். நான் பக்கத்தைத் திருப்பினேன்.